நின்றுகொண்டே தைத்தவள்

எங்கள் பட்டறைச் சோபாவில் உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். அந்தச் சோபாக்களுக்கெல்லாம் உறை தைத்தவள் என் அண்ணி. அவளால் அவற்றில் உட்கார முடியாது. மாதத்தில் பாதி நாள் எதன்மேலும் உட்கார முடியாது. வெளியாட்களிடம் சொன்னால் இந்த இடத்தில் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் நடக்கவில்லையே.

அண்ணி என்றாலும் வயதில் என்னைவிடச் சின்னவள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் எனக்கு அண்ணி. நான் மூத்தவள் என்பதால் அவள் என்னை அக்கா என்பாள். என் கல்யாணம் முதல் வாரத்திலேயே தியேட்டரைவிட்டுத் தூக்கிய படம் மாதிரி ஆகிவிட்டதால் நான் அவர்களோடுதான் இருக்கிறேன். ஒரே வீடு, ஒரே பட்டறை. நான் ஸ்பாஞ்ச் வெட்டிப் பசை தடவி மரச்சட்டத்தில் ஒட்டுவேன். அவள் அதன்மேல் போடும் உறையைத் தைப்பாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். யாராவது நடுவில் மாட்டிக்கொண்டு கதறினால் போய் மீட்டுக்கொண்டு வருகிற வேலை.

பட்டறைக்கு வந்த புதிதில் அண்ணி மற்றவர்களைப்போல ஸ்டூலில் உட்கார்ந்துதான் தைத்தாள். சில நாள் தைத்துக்கொண்டே இருக்கும்போது எழுந்து நிற்பாள். குனிந்து, முதுகை வளைத்து, நின்றபடியே மிதியை மிதிப்பாள். மேஸ்திரி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் நான்கு மரக்கட்டைகளை அறுத்துக்கொண்டு வந்து தையல் மேசையின் கால்களுக்கு அடியில் கொடுத்தார். மிதிக்குப் போகும் சங்கிலியை நீளமாக்கினார். என்ன, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் நின்றுகொண்டே தைத்தாள். பட்டறையில் அவளுக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்தார்கள். "கொடிக்கம்பம், நூல் தீர்ந்துபோச்சு" என்று கத்தினால் அவளும் கோபப்படாமல் "தர்றேன்" என்பாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் யாருக்காவது கொடுத்துவிடுவாள். எத்தனை முதியவர்கள் அவளை மனதார வாழ்த்தியிருக்கிறார்கள் தெரியுமா? பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது.

மாதவிலக்கு வருவதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும். அடிவயிற்றிலிருந்து முதுகுக்குப் போய், தொடை வழியாக இறங்கும். மலம் கழிக்கப் போனால் உள்ளே கத்தியை விட்டுத் திருகுவதுபோல இருக்கும் என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். கழிப்பறைக்குள் போனதும் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். தண்ணீர் வாளியில் கொட்டுகிற சத்தத்தில் அவள் சத்தம் வெளியே கேட்காது. நீண்ட நேரம் தண்ணீர் ஓடினால், அண்ணனும் நானும் கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். தொலைக்காட்சியில் என்ன ஓடினாலும் ஓடட்டும் என்று வெறித்துக்கொண்டிருப்போம்.

காட்டாத டாக்டர் இல்லை. சின்ன வயதில் ஒருவர், எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான், கல்யாணமானால் சரியாகிவிடும் என்றாராம். கல்யாணமானது. அடுத்தவர், ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். குழந்தை வராமல் வழியை அடைத்துக்கொண்டு இருப்பதே அந்த நோய்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. இன்னொருவர் நார்ச்சத்து சாப்பிடச் சொன்னார். வேறொருவர், மனதைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு நான் கூட இருந்தேன். "உங்களுக்கு ஒரு நாள் இந்த வலி வரட்டும், நீங்க எவ்ளோ சந்தோஷமா இருக்கீங்கன்னு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் அந்த டாக்டருக்காக வருத்தப்பட்டாள்.

அவள் சுபாவம் அது. அண்ணனும் அதே அச்சு. இரண்டு பேருமே தனக்கு இது வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எதிராளிக்கு என்ன வேண்டும் என்று தாங்களாகவே ஊகித்து, கேட்காமலே செய்து, அதில் ஒரு திருப்தி.

ஃபேன் கதையைச் சொன்னால் புரியும். அவர்கள் அறையில் ஃபேன் எப்போதும் ஐந்தில் சுற்றும். இருவரும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடப்பார்கள். ஒருநாள் ரெகுலேட்டர் கெட்டுப்போய் இரண்டிலேயே நின்றுவிட்டது. மறுநாள் அண்ணி என்னிடம், "அப்பாடா, சுகமா தூங்கினேன் அக்கா. பாவம், அவருக்குத்தான் புழுங்கியிருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவளுக்குப் பத்தாது" என்றான். கல்யாணமான நாளிலிருந்து ஒருவருக்காக ஒருவர் நடுங்கியிருக்கிறார்கள்! இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். சாயங்காலம் அண்ணன் புது ரெகுலேட்டர் வாங்கிவந்து மாட்டினான். மாட்டிவிட்டு ஐந்தில் வைத்தான். "எதுக்கும் இருக்கட்டும், அவ என் மனசு கோணக்கூடாதுன்னு சொல்லியிருப்பா" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியாகத்தான் அந்த டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் அண்ணியைப் பேசவிட்டார். குறுக்கே பேசவில்லை. அதுவே எங்களுக்குப் புதிதாக இருந்தது. ஸ்கேன், எம்ஆர்ஐ எல்லாம் எடுத்த பிறகு மூவரையும் உட்காரச் சொன்னார். அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குப் பேரு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்கு உள்பக்கம் இருக்கிற படலம் மாதிரியே ஒண்ணு வெளியில, இருக்கக்கூடாத இடத்துல வளருது. மாசாமாசம் அதுவும் வீங்கும், கசியும். போக வழியில்லாம அங்கயே கட்டிக்கும். உங்களுக்கு ரொம்ப முத்திப்போச்சும்மா. இடது சினைப்பையில பெரிய கட்டி. வலது பரவால்ல. பின்பக்கம் கருப்பையும் மலக்குடலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடுச்சு."

"பசை போட்ட ஸ்பாஞ்ச் மாதிரியா டாக்டர்?" என்றாள் அண்ணி. "எங்க பட்டறையில அதைப் பிரிச்சா ஒரு பக்கம் பிஞ்சுக்கிட்டு வரும்."

"அப்படித்தான். பிய்யாம பிரிக்கத்தான் பாப்போம். முடியலைன்னா குடல்ல அந்தத் துண்டை வெட்டிட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தைக்கணும். அந்தத் தையல் ஆறுறவரைக்கும் மலம் அந்த வழியா போகக்கூடாது. வயித்துல ஒரு துளை போட்டு வெளியில பை மாட்டுவோம். ஆறினதும் திரும்ப உள்ள வச்சிடலாம்."

அதுவரை டாக்டர்கள் வலிக்குக் கொடுத்த மாத்திரையும் ஊசியும் பலித்த அளவுக்குப் பலித்துவிட்டன. இனி அறுவைதான். அதில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, நோயை மட்டும் சுரண்டி வெட்டியெடுத்துவிட்டு கருப்பையையும் வலது சினைப்பையையும் விட்டுவைப்பது. குழந்தைக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். ஆனால் மிச்சமிருக்கும் சினைப்பை வேலை செய்யும்வரை நோய்க்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும், திரும்பி வரலாம். மற்றது, நோயோடு சேர்த்துக் கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிடுவது. குழந்தை இல்லை. இந்த வயதிலேயே மாதவிலக்கு நின்று, உடம்பு திகுதிகுவென்று காந்தும், எலும்பு தேயும். அதற்குத் தனியாக மருந்து வேண்டும். ஆனால் வலி ஒழிய இதில்தான் வாய்ப்பு அதிகம். "அதுவும் நூத்துக்கு நூறு உறுதி இல்ல. ஆனா உங்க நிலைமைக்கு ரெண்டுமே தப்பான வழி இல்ல. வீட்டுக்குப் போய்ப் பேசுங்க. என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்குப் போய்ப் பேசுவதா? இவர்களா?

நான் விடவில்லை. அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்து கருவிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிடித்தேன். "என்னடா நினைக்கறே?" என்றால், "அவளுக்குக் குழந்தைன்னா உசிரு அக்கா" என்றான். அவன் அப்படித்தான், பதற்றம் வந்தால் தங்கையை அக்கா என்பான். "அவளை விடு. உனக்கு என்ன வேணும்?" என்றேன். "அவ நல்லா இருந்தா போதும்" என்று துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தான். அண்ணியிடம் போனேன். "அவர் வேலை செய்யற கட்டடத்துல பிள்ளைங்க லிஃப்ட்ல வந்தா ஒவ்வொண்ணையும் தூக்கி பட்டனை அமுக்கச் சொல்லுவாராம்" என்றாள். "அது சரி, உங்களுக்கு?" என்றேன். "எனக்கென்ன அக்கா, பழகிப்போச்சு" என்றாள். அந்த இரண்டு பதிலிலிருந்தும் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "இது ஃபேன் இல்ல, உடம்பு. ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தொலைங்க" என்று கத்தினேன். "பேசிட்டோம்" என்றார்கள் ஒரே குரலில்.

டாக்டரம்மா முன்னால் அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "சினைப்பை ஒண்ணை விட்டுடுங்க டாக்டர். கருப்பையும் இருக்கட்டும்."

"யோசிச்சீங்களா? வலி திரும்பி வரலாம்னு சொல்லியிருக்கேன்."

"யோசிச்சோம் டாக்டர், அப்படியே செஞ்சிடுங்க" என்றான் அண்ணன். சொல்லும்போது அண்ணியைத்தான் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்தாள். எவ்வளவு அன்பான புருஷன் பெண்டாட்டி என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியிருக்கும். எனக்கே தோன்றியது.

அறுவை நடந்த அன்று வெளியே நாற்காலிகள் நிறைய இருந்தன. அண்ணன் ஒன்றிலும் உட்காரவில்லை. அந்தத் தளத்து லிஃப்டின் கதவு மூடும்போதெல்லாம் அடியில் உரசி ஒரு கிறீச் சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அண்ணன் அதன் முன்னால் மண்டியிட்டு, கதவு ஓடும் பள்ளத்தில் சிக்கியிருந்த ஏதோ ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சாவியால் நெம்பிக்கொண்டிருந்தான். காவலாளி வந்து, "சார், இதையெல்லாம் தொடாதீங்க, அதுக்கு ஆள் இருக்காங்க" என்றார். "நான் அந்த ஆள்தாங்க" என்றான் அண்ணன். சொல்லிவிட்டு அழுதான். காவலாளி பயந்துபோய், அவனைத் தொட்டுக்கொண்டு நின்றார். நான் என் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஸ்பாஞ்ச் வெட்டத் தெரிந்த கை. அங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை.

டாக்டரம்மா வெளியே வந்தபோது முகக்கவசத்தின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. குடல் பிய்யாமல் வரவில்லை. ஒரு துண்டை வெட்டித் தைத்திருக்கிறார்கள். பை மாட்டியிருக்கிறார்கள். இடது சினைப்பை போய்விட்டது. "நீங்க கேட்டபடி வலதும் கருப்பையும் இருக்கு" என்றார்.

கண் விழித்ததும் அண்ணி வயிற்றைச் சொல்லவில்லை, தோள்பட்டை வலிக்கிறது என்றாள். வயிற்றைக் கீறியதற்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்? ஏதோ தப்பாகிவிட்டதென்று நான் கத்தி ஊரைக் கூட்டினேன். உள்ளே கேமராவை விடுவதற்கு வயிற்றில் வாயுவை அடைத்து உப்பவைப்பார்களாம். மிச்சம் நிற்கும் வாயு தோளில் வலியாகத் தெரியுமாம். நர்ஸ் பொறுமையாகச் சொல்லிவிட்டு, நடந்தால் போய்விடும் என்றார். சிறுநீர் போகச் செருகியிருந்த குழாயை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அவள் அந்த வராந்தாவில் அடிமேல் அடி வைத்தாள். இருமினால் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். சிரித்தாலும் அப்படித்தான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அண்ணன் உத்தரவு போட்டான்.

பையைப் பார்க்க முதலில் அவளுக்குத் தைரியம் வரவில்லை. வயிற்றில் சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன வாய். அதைச் சுற்றித் துடைத்து, அளவாக வெட்டிய வளையத்தை ஒட்டிப் பையை மாட்ட வேண்டும். ஒட்டுகிற வேலை என்பதால் நான் சீக்கிரம் பழகிவிட்டேன். அது நினைத்த நேரத்தில் சத்தம் போடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போது கடகடவென்று பேசும். அண்ணி அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தாள். எங்கள் வீட்டில் மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிற ஒரே ஆள் அதுதான்.

கனமான எதையும் தூக்கக்கூடாது. வாளி கூடாது, குக்கர் கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது. அண்ணன் அவளுக்கு டம்ளரைக்கூடத் தூக்கிக் கொடுத்தான். நடை மெல்ல மெல்லத் தெருமுனைவரை நீண்டது. பிறகு இன்னொரு சின்ன அறுவை செய்து குடலை உள்ளே வைத்து மூடினார்கள். வாயாடி போனது. சில வாரம் எதைச் சாப்பிட்டாலும் கழிப்பறைக்கு ஓடினாள். அதுவும் அடங்கியது.

அவள் பட்டறைக்குத் திரும்பிய அன்று நான் ஸ்பாஞ்ச் ஒட்டி முடித்திருந்த ஒரு பெரிய சோபா உறைக்காகக் காத்திருந்தது. அண்ணி வந்தாள், நின்றாள், சோபாவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். பக்கவாட்டில் சாயாமல், கையை ஊன்றிக்கொள்ளாமல், நேராக, முழு உடம்பும் அழுந்த உட்கார்ந்தாள். "மெத்துன்னு இருக்கு அக்கா" என்றாள், அது தெரியாதவள் மாதிரி. மேஸ்திரி மேசைக்கு அடியில் தவழ்ந்து நான்கு கட்டைகளையும் உருவினார். யாரோ ஸ்டூல் கொண்டுவந்தார்கள். "கொடிக்கம்பம் கவுந்துடுச்சு!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பசை நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

டாக்டரம்மா, குழந்தைக்கு முயற்சி செய்வதென்றால் இப்போதே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றிருந்தார். ஒவ்வொரு மாதமும் நாள் தள்ளுகிறதா என்று இருவரும் பார்த்தார்கள். தள்ளவில்லை. "பரவால்லங்க" என்பாள் அவள். "பரவால்லம்மா" என்பான் அவன். ஒவ்வொருவரும் மற்றவரைத் தேற்றுவதிலேயே குறியாக இருந்தார்கள். எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். கழிப்பறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வாளியில் விழுந்தது. வாளி நிறைந்து வழிந்தது. அப்புறமும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவள் வெளியே வந்து, "என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

மறுபடி ஸ்கேன். மறுபடி அதே அறை. அண்ணி அதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டுவைத்த வலது சினைப்பையில் கட்டி வந்திருந்தது. அது குடலில் தையல் போட்ட இடத்தோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சிறுநீர் இறங்கும் குழாயையும் இழுத்துப் பிடித்திருந்தது.

"இவ்வளவு சீக்கிரம் வரும்னு நானும் எதிர்பாக்கலைம்மா" என்றார் டாக்டரம்மா. "அன்னிக்கே ரெண்டையும் எடுத்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்க வாய்ப்பு கம்மி. ஆனா உங்களுக்குக் குழந்தை வேணும்னு..."

"அவளுக்காகத்தான் டாக்டர்" என்றான் அண்ணன் தாழ்ந்த குரலில். "எனக்கு அவ வலியில்லாம இருந்தா போதும்னுதான் இருந்துச்சு. அவ ஆசைக்குக் குறுக்க நிக்கக்கூடாதுன்னு..."

அண்ணி மெதுவாகத் திரும்பினாள். "எனக்காகவா?"

"ஆமா."

"நான் உங்களுக்காகத்தானே சொன்னேன்?"

"நான் எப்ப கேட்டேன்?"

"நீங்க கேக்கலைங்க. கேக்க மாட்டீங்கன்னுதான் நானே சொன்னேன். எனக்கு எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டா நிம்மதின்னுதான் இருந்துச்சு. எத்தனை தடவை நினைச்சிருக்கேன் தெரியுமா, யாராவது அறுத்து எடுத்துத் தூரப் போட்டுட மாட்டாங்களான்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேர் தலையையும் பிடித்து ஒன்றோடொன்று முட்டியிருப்பேன். யாருமே வேண்டுமென்று கேட்காத ஒன்றுக்காக அவள் வயிற்றில் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். எதிரி செய்திருந்தால் சண்டைக்குப் போகலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கோபம் அப்படியே அழுகையாகிவிட்டது.

அண்ணி அழவில்லை. நாற்காலியை விட்டுவிட்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "டாக்டர், எனக்கு எடுத்துடணும். கருப்பை, சினைப்பை எல்லாத்தையும். இது அவருக்காக இல்ல, அக்காவுக்காக இல்ல. எனக்கு வேணும்" என்றாள். அவளைத் தெரிந்த இத்தனை வருஷத்தில், எனக்கு வேணும் என்று அவள் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இப்ப முடியாதும்மா. குடல் தையல் மேலயே ஒட்டியிருக்கு. இப்ப கை வச்சா அந்த இடம் கிழியும். மறுபடி பை, இந்தத் தடவை அது நிரந்தரமாவே இருந்துடலாம். சிறுநீர்க் குழாய்க்கும் அடிபடலாம். முதல்ல ஊசி போட்டு சினைப்பையைத் தூங்கவைக்கிறேன். கட்டி சுருங்குதான்னு பாப்போம். சுருங்கினா யோசிக்கலாம்."

"சுருங்கலைன்னா?"

"அப்பவும் பாப்போம்" என்றார். "வேற சர்ஜன்கிட்டயும் கேளுங்க, நானே எழுதித் தர்றேன்" என்றார். போனோம். அந்த சர்ஜன் இன்னும் பெரிய ஆஸ்பத்திரியில், இன்னும் பெரிய அறையில் உட்கார்ந்துகொண்டு இதையேதான் சொன்னார். அண்ணன் எழுந்து நின்று கையைக் கூப்பி, "என்ன வேணும்னாலும் எடுத்துக்கோங்க டாக்டர், என் குடலை வச்சுத் தைக்க முடியுமா?" என்று கேட்டான். அவர் சிரிக்கவில்லை. முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்.

வெளியே வந்து லிஃப்டுக்குக் காத்திருந்தோம். வந்தது. கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. அண்ணன் அதைப் பார்த்து, "நல்லா வச்சிருக்காங்க" என்றான்.

திங்கட்கிழமை பட்டறையில் அண்ணி மேஸ்திரி பக்கத்தில் போய் நின்றாள். "மேஸ்திரி, அந்தக் கட்டைங்களை என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். அடுப்புக்குப் போயிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். மேஸ்திரி குனிந்து தன் மேசைக்கு அடியிலிருந்து நான்கையும் எடுத்தார். தூசு தட்டி ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் மேசைக்கடியில் தவழ்ந்து ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளே தள்ளினார். சங்கிலியை நீட்டினார். அன்று பட்டறையில் யாரும் அவளைக் கொடிக்கம்பம் என்று கூப்பிடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஊசி போட்டு இப்போது நாலைந்து மாதம் ஆகிறது. மாதவிலக்கு நின்றுவிட்டது. வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது, போகவில்லை. கட்டி அப்படியேதான் இருக்கிறது. டாக்டரம்மா இன்னும் பார்ப்போம் என்கிறார். ஊசியால் உடம்பு திடீர் திடீரென்று காந்துகிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டிவிடும்.

நேற்று சாயங்காலம் அப்படித்தான் வந்தது. பட்டறையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு நேராக அறைக்குப் போய் ஃபேனை ஐந்தில் வைத்தாள். அதற்கு நேர் கீழே போய் நின்றாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

"உங்களுக்குக் குளிருதா? குறைக்கட்டுமா?" என்றாள்.

"எனக்குக் குளிருது" என்றான் அண்ணன். "ஆனா நீ குறைக்காத. உனக்கு வேணும்தானே?"

"எனக்கு வேணும்."

இப்போது இரண்டு பேரும் உண்மையைச் சொல்லப் பழகிவிட்டார்கள். நான் வாசற்படியில் டீயோடு நின்றுகொண்டிருந்தேன்.

"வேற என்ன வேணும் உனக்கு? சொல்லு" என்றான் அண்ணன். எழுந்துபோய் எதையாவது கொண்டுவந்துவிடுகிறவன்போலக் கட்டிலைவிட்டுக் காலைக் கீழே போட்டுக்கொண்டான்.

அண்ணி யோசித்தாள்.

"கொஞ்ச நேரம் உக்காரணுங்க" என்றாள்.